தமிழ்க் கையேட்டுக்கு ரீட் த டாக்ஸ்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே நாமே சரிசெய்ய வேண்டும்

நாலைந்து தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு திறந்தமூலத் திட்டம். மூலக் கையேடு ஆங்கிலத்தில், கூடவே தமிழிலும் ஒன்று. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருக்கும் இப்படியொரு குழு தன் கையேட்டை, மென்பொருள் கையேடுகளை இணையத்தில் வெளியிடும் ரீட் த டாக்ஸ் சேவையில் வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக வைக்கலாம். கட்டணம் கிடையாது, சர்வர் பராமரிக்கும் தொல்லை கிடையாது, களஞ்சியத்தில் (கையேட்டின் மூலக் கோப்புகள் இருக்கும் இடத்தில்) மாற்றம் விழும்போதெல்லாம் பக்கங்கள் தாமாகவே மறுபடி கட்டப்படுகின்றன. ஆனால் கணக்குத் தொடங்கி, களஞ்சியத்தை இணைத்து, அதோடு கைகழுவிவிட்டால் தமிழ்ப் பக்கத்தில் தேடல் உருப்படியாக வேலை செய்யாது, பிடிஎஃப் வராது, பக்கத்தின் அடியில் இருக்கும் தேதியை நம்ப முடியாது. மூன்றுக்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறோம். அவற்றைச் சரிசெய்தபின் இந்தச் சேவையின் பெரிய பலன் தெரியும்: கையேட்டில் எந்த இடம் பழசாகிவிட்டது என்பதை மூடி மறைக்காமல் காட்டிவிடுகிறது. பராமரிப்பவருக்கு இதைவிட முக்கியமான உதவி வேறில்லை.

முதலில் அடிப்படை. ரீட் த டாக்ஸ் 2010இல் ஜாங்கோ டாஷ் என்ற 48 மணி நேர நிரல் போட்டியில் உருவானது. திறந்தமூலத் திட்டங்களுக்கு இலவசம். பக்கத்தில் சிறிய விளம்பரம் ஒன்று வரும். வாசகரைப் பின்தொடராத விளம்பரம் என்பதால் எங்களுக்கு உறுத்தவில்லை. தனியார் களஞ்சியம் என்றால் கட்டணச் சேவைக்குப் போக வேண்டும். எழுத்துக் கோப்புகளை இணையப் பக்கங்களாக்கும் எம்கேடாக்ஸ் போன்ற கருவிகளும் இதில் ஓடும். ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கும் திட்டத்துக்கு அதே வகைக் கருவியான ஸ்ஃபிங்க்ஸையே பரிந்துரைக்கிறோம். பைத்தான் மொழியின் கையேட்டுக்காக 2008இல் வெளிவந்த கருவி அது. ஏன் அது என்பதற்குக் காரணம் இந்த விமர்சனத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது.

அமைப்பது

களஞ்சியத்தின் வேர் அடைவில் ரீட்தடாக்ஸ் என்ற பெயரில் ஒரு யாமல் கோப்பு (அமைப்புகளை எழுதும் ஒரு கோப்பு வகை) கட்டாயம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்க வேண்டும். 2023 செப்டம்பர் முதல் இந்தக் கோப்பு இல்லாத திட்டங்களின் பில்ட், அதாவது பக்கங்களைக் கட்டும் வேலை, நேராகத் தோற்றுவிடும். 2025 ஜனவரி முதல் ஸ்ஃபிங்க்ஸின் சொந்த அமைப்புகள் இருக்கும் கான்ஃப் கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் அதற்குள் எழுதியாக வேண்டும்; முன்பு சேவையே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அமைப்பவர்கள் இந்த இரண்டு இடத்திலும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பதிப்பு எண் 2, உபுண்டு 24.04, பைத்தான் பதிப்பு, கான்ஃப் கோப்பின் பாதை, தேவைப்படும் தொகுப்புகளின் பட்டியல். தொடங்க இந்த ஐந்தும் போதும்.

தொகுப்புகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண்ணைக் கட்டிப் போடுங்கள். 2021இல் ஸ்ஃபிங்க்ஸின் அடித்தளமான டாக்யூட்டில்ஸ் நூலகத்தின் 0.17 பதிப்பு வெளியானபோது, பக்கத் தோற்றத்தைத் தரும் ரீட் த டாக்ஸ் தீமின் அப்போதைய பதிப்பைப் பயன்படுத்திய தளங்களில் பட்டியல்களின் முன்னால் வரும் புள்ளிகள் மறைந்துபோயின. கையேட்டில் ஒரு வரியைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை. பதிப்பு எண்ணைக் கட்டியிருந்த திட்டங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணைக் கட்டிவிட்டு, வெளியீட்டுக்கு முன் ஒருமுறை என்று கணக்கு வைத்துக் கையால் உயர்த்துவது நல்லது.

இலவசக் கணக்கில் ஒரு பில்டுக்கு 15 நிமிட வரம்பு. வெறும் பக்கங்கள் மட்டும் என்றால் இதில் கால்வாசிகூடத் தேவைப்படாது. ஆட்டோடாக் கொண்டு நிரலிலிருந்தே விளக்கங்களை எடுக்கும் திட்டங்கள்தான் வரம்பை நெருங்கும். காரணம், மென்பொருள் நம்பியிருக்கும் எல்லா நூலகங்களையும் பில்ட் இயந்திரத்தில் நிறுவ வேண்டியிருக்கிறது. கனமான நூலகங்களை ஆட்டோடாக்கின் போலி இறக்குமதிப் பட்டியலில் போட்டுவிட்டால் நிறுவாமலே வேலை நடக்கும். இன்னொரு வசதி பலருக்குத் தெரியவில்லை. பில்டுக்கு நடுவே நம் சொந்தக் கட்டளைகளை ஓட்டலாம். அதில் ஒன்று 183 என்ற எண்ணோடு வெளியேறினால் அந்த பில்ட் அதோடு ரத்தாகிவிடும், தோல்வி என்று பதியாது. கையேட்டு அடைவில் மாற்றமே இல்லாத புல் ரிக்வெஸ்ட்டுகளை (இணைக்கக் கேட்டு அனுப்பப்படும் திருத்தங்களை) இப்படித் தவிர்த்துவிட்டால், மற்றவர்களின் பில்ட் வரிசையில் காத்துக்கிடக்காது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது புல் ரிக்வெஸ்ட் முன்னோட்டம். ஒருவர் ஒரு பத்தியைத் திருத்தி அனுப்பினால், இணைப்பதற்கு முன்பே அந்தத் திருத்தத்தோடு முழுக் கையேடும் தனி முகவரியில் கட்டப்பட்டுக் கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரியாத கணக்காளரோ ஆசிரியரோ அந்த முகவரியை மட்டும் கைப்பேசியில் திறந்து படித்து, சரி அல்லது தப்பு என்று சொல்லிவிடலாம். தமிழ் நடையைச் சரிபார்க்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் கிட் (களஞ்சியத்தின் மாற்றங்களைப் பதியும் கருவி) பக்கம் வராதவர்கள் என்பதால் இந்த வசதிக்கு இங்கே மதிப்பு அதிகம். இது தானாக இயங்காது. திட்டத்தின் அமைப்புகளில் போய் இயக்க வேண்டும்.

6 விழுக்காடு எப்படி 8 ஆகிறது

இப்போது மையமான விஷயம். ஒரு நடைமுறை எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் இருக்கும் சிறு வணிகர்களுக்கான ஒரு திறந்தமூல இன்வாய்ஸ் மென்பொருள். அதன் கையேட்டில், சேவை வரி 6 விழுக்காடு என்று அமைப்புப் பக்கத்தில் இடுங்கள் என்று ஒரு வரி. மலேசியாவில் 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடு ஆனது; உணவு பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், தளவாடச் சேவைகளுக்கு மட்டும் 6 விழுக்காடே தொடர்ந்தது. ஆங்கிலக் கையேட்டில் இதை ஒருவர் அன்றே திருத்திவிடுகிறார். தமிழ்ப் பக்கத்துக்கு என்ன ஆகும்?

மொழிக்கு ஒரு கோப்பு என்று நகலெடுத்து மொழிபெயர்க்கும் முறையில், டாக்குசாரஸ் என்ற கருவி செய்வதுபோல, தமிழ்க் கோப்பு தன்பாட்டில் 6 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். யாருக்கும் எச்சரிக்கை போகாது. அதைப் படித்து அமைத்த கடைக்காரர் மாதக்கணக்கில் தப்பான வரியோடு இன்வாய்ஸ் அனுப்புவார்.

ஸ்ஃபிங்க்ஸின் கெட்டெக்ஸ்ட் முறையில் கதை வேறு. ஆங்கிலக் கையேட்டின் ஒவ்வொரு பத்தியும் தனி மூல வரியாகப் பிரிக்கப்பட்டு, பிஓ என்ற மொழிபெயர்ப்புக் கோப்பில் அதற்கு நேராகத் தமிழ் வரி உட்காருகிறது. மூல வரியில் ஒரு எழுத்து மாறினாலும் ஜோடி பிரிந்துவிடும். உடனே தமிழ்ப் பக்கத்தில் அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்தில், புதிய எண்ணோடு தெரியும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலப் பத்தி ஒன்று துருத்திக்கொண்டு நிற்பது அழகில்லைதான். ஆனால் சரியான எண் இருக்கிறது, இங்கே வேலை பாக்கி இருக்கிறது என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. பழைய தமிழைவிடப் புதிய ஆங்கிலம் மேல் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடுத்து மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டியது. கெட்டெக்ஸ்ட் பில்டரை ஓட்டிப் புதிய வார்ப்புருக் கோப்புகளை எடுக்க வேண்டும். பிறகு ஸ்ஃபிங்க்ஸ் இண்டல் கருவியால் தமிழ் பிஓ கோப்புகளைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கருவி புதிய மூல வரியைப் பழையதோடு ஒப்பிட்டு, கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைக் கண்டு, பழைய தமிழ் வரியையே ஃபஸி (சரிபார்க்க வேண்டியது) என்ற கொடியோடு கொண்டுவந்து வைக்கும். அதாவது தமிழில் இன்னும் 6 என்றே இருக்கிறது, மேலே ஒரு கொடி நிற்கிறது. கொடி இருக்கும்வரை ஸ்ஃபிங்க்ஸ் அந்த வரியைப் பயன்படுத்தாது. மொழிபெயர்ப்பாளர் 6ஐ 8 ஆக்கி, உணவுக் கடைகளுக்கான விதிவிலக்கையும் சேர்த்து, கொடியை எடுத்தால் பத்தி மறுபடி தமிழுக்குத் திரும்பும்.

இங்கே இரண்டு குழிகள். ஃபஸி வரிகளையும் காட்டு என்று ஒரு அமைப்பு ஸ்ஃபிங்க்ஸ் 4.3 முதல் இருக்கிறது. பக்கத்தில் ஆங்கிலம் தெரிவது பிடிக்காமல் சிலர் அதை இயக்கிவிடுகிறார்கள். அந்த நொடியே பழைய 6 விழுக்காடு வாசகர் முன் வந்துவிடும். அதை இயக்கவே இயக்காதீர்கள். இரண்டாவது, கொடிகளை மொத்தமாக ஒரே கட்டளையில் நீக்குவது. ஃபஸி வரிகளில் பெரும்பாலும் காற்புள்ளி மாற்றம்தானே என்று நினைத்துச் செய்வார்கள். அந்தக் குவியலுக்குள்தான் எண் மாறிய வரியும் கிடக்கும். மூல வரியின் முந்தைய வடிவத்தையும் பக்கத்திலேயே காட்டும்படி வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புக் கருவியை அமைத்துக்கொண்டால், என்ன மாறியது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

இப்படி மாறக்கூடிய எண்களைப் பத்திக்குள் நேரடியாக எழுதாமல் இருப்பது இன்னும் நல்லது. இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே ஒரு பெயர் கொடுத்து, அதன் மதிப்பைக் கான்ஃப் கோப்பின் பின்னொட்டில் ஒரே இடத்தில் வைக்கலாம். பிஓ கோப்பிலும் அந்தப் பெயர்தான் போகும், எண் போகாது. ஆகவே விழுக்காடு மாறும்போது ஓரிடத்தில் மாற்றினால் எல்லா மொழிகளிலும் மாறிவிடும், ஒரு வரிகூட ஃபஸி ஆகாது. மலேசியாவின் இ-இன்வாய்ஸ் (மின்னணு இன்வாய்ஸ்) போன்ற கட்டம் கட்டமாக வரும் விதிகளுக்கும் இதே வழிதான். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஆண்டு வருவாய் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் உள்ள நிறுவனங்களில் தொடங்கியது அது. அடுத்தடுத்த கட்டங்களின் தேதியையும் வரம்பையும் பத்து பக்கங்களில் சிதறவிட்டால் எந்தக் குழுவாலும் துரத்திப் பிடிக்க முடியாது.

படங்களை இந்த முறை காப்பாற்றாது. திரைப்பிடிப்புக்குள் இருக்கும் எழுத்து பிஓ கோப்புக்கு வராது, எனவே படம் பழசானால் எந்தக் கொடியும் எழாது. தமிழ் இடைமுகத்தின் படத்தைத் தனியாக வைக்க முடியும்: கோப்பின் பெயருக்கும் நீட்டிப்புக்கும் நடுவே மொழிக் குறியைச் சேர்த்தால் தமிழ் பில்டில் ஸ்ஃபிங்க்ஸ் அதையே எடுத்துக்கொள்ளும். ஆனாலும் படத்தைக் குறைத்து, பொத்தானின் பெயரை எழுத்தில் எழுதுவதே பராமரிக்கச் சுலபம்.

விகுதி ஒட்டும் இடத்தில் வரும் சிக்கல்

ஆங்கிலக் கையேடு எழுதுபவர்களுக்குத் தெரியாத, தமிழில் தினமும் வரும் சிக்கல் இது. ஸ்ஃபிங்க்ஸ் கையேடுகளை எழுதும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் எழுத்துமுறையில் ஒரு சொல்லைத் தடிமனாக்க இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி போடுவோம். மூடும் குறிக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வர வேண்டும் என்பது விதி. தமிழிலோ வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டித்தான் வரும். **சேமி**யை அழுத்தவும் என்று எழுதினால் விதி உடைந்து, நட்சத்திரங்கள் அப்படியே பக்கத்தில் தெரியும். தீர்வு எளிது: மூடும் குறிக்குப் பின்னால் ஒரு பின்சாய்வுக் கோடும் ஒரு இடைவெளியும், **சேமி**\ யை என்பதுபோல. பக்கத்தில் அந்த இடைவெளி தெரியாது, சொல் ஒட்டியே வரும். பிஓ கோப்பில் அதே பின்சாய்வை இரண்டு முறை எழுத வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் பிஓ வடிவம் அதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும். புதிதாகச் சேரும் மொழிபெயர்ப்பாளருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டியது இதுதான். வாக்கியத்தைத் திருப்பி சேமி என்ற பொத்தானை அழுத்தவும் என்று எழுதியும் தப்பிக்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி எழுதினால் நடை சலித்துவிடும்.

மொழிபெயர்ப்பில் ஒரு உள்ளிணைப்பு விட்டுப்போனால் ஸ்ஃபிங்க்ஸ் எச்சரிக்கும். எச்சரிக்கை வந்தாலே பில்டைத் தோற்கடி என்ற அமைப்பு யாமல் கோப்பில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அதை முதல் நாளிலிருந்தே இயக்குங்கள். தமிழுக்கு அப்படிச் செய்தால், ஒரு விட்டுப்போன இணைப்புக்காக முழுத் தமிழ்க் கையேடும் பழைய நிலையிலேயே நின்றுவிடும். அதனால் தமிழுக்குத் தனி யாமல் கோப்பு வைத்து, அதில் இயக்காமல் விடுவதே சரி. திட்ட அமைப்பில் யாமல் கோப்பின் பாதையை மாற்றிக் கொடுக்க முடியும்.

ஏன் தமிழுக்கென்று தனி அமைப்பு? ரீட் த டாக்ஸில் ஒவ்வொரு மொழியும் தனித் திட்டம். தமிழுக்கு ஒரு திட்டம் தொடங்கி, மொழியைத் தமிழ் என்று வைத்து, ஆங்கிலத் திட்டத்தின் மொழிபெயர்ப்பாக இணைக்க வேண்டும். இணைத்தபின் முகவரி ஒன்றுதான், மொழிக் குறி மட்டும் மாறும். மொழி மாற்றும் பட்டியலும் தானாக வந்துவிடும். ஆனால் வெப்ஹுக் (களஞ்சியத்தில் மாற்றம் விழுந்ததைச் சேவைக்குச் சொல்லும் இணைப்பு), வழிமாற்றுகள், பதிப்புகளை இயக்குவது எல்லாம் இரண்டு தடவை செய்ய வேண்டும். தமிழ்த் திட்டத்தைக் கையால் சேர்த்துவிட்டு வெப்ஹுக்கை மறந்தால் ஆங்கிலம் தினமும் நகரும், தமிழ் தொடங்கிய நாளிலேயே உறைந்து நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது தாமதமாகிறது. இந்த இரட்டை வேலை சேவையின் தெளிவான குறை.

தேடல்

ஸ்ஃபிங்க்ஸின் தேடல் பெட்டியில் கோப்பு என்று தட்டினால் கிட்டத்தட்ட எல்லாப் பக்கங்களும் வந்து விழும். காரணம் இதுதான். தேடல் அட்டவணைக்காகச் சொற்களைப் பிரிக்கும்போது ஸ்ஃபிங்க்ஸ் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் விதியை) நம்புகிறது. அதில் சொல்லுக்கு உரிய எழுத்து என்று எண்ணப்படுபவற்றில் தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சேர்த்தியில்லை. ஒவ்வொரு குறியிலும் சொல் வெட்டுப்படுகிறது. தமிழ் என்பது தம, ழ என்று இரண்டாகிறது. ரசீது என்பது ரச, த ஆகிறது. கோப்பு என்பதோ க, ப, ப என்று ஒற்றை எழுத்துகளாகவே உதிர்ந்துவிடுகிறது. அந்த இரண்டு எழுத்தும் இல்லாத தமிழ்ப் பக்கம் ஏது? உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டும் கேள்வியை இதே மாதிரி வெட்டுவதால் தேடல் உடைந்ததாகவே தெரியாது. முடிவுகள் வரும், ஆனால் பயனிருக்காது.

சரிசெய்ய, கான்ஃப் கோப்பில் ஸ்ஃபிங்க்ஸின் தேடல் மொழி வகுப்பிலிருந்து தமிழுக்கு ஒரு சிறு வகுப்பை உருவாக்கி, தமிழ் யூனிகோட் தொகுதி முழுவதையும் சொல்லெழுத்தாக ஏற்கும்படி பிரிக்கும் செயல்பாட்டை மாற்றி, தேடல் மொழியாகப் பதிவு செய்ய வேண்டும். பத்துப் பதினைந்து வரி நிரல். அதே வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக்கான பிரிப்பானுக்கும் ஒரு இடம் இருக்கிறது. அதையும் அதே விதியில் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அட்டவணையில் முழுச் சொல்லும் கேள்வியில் துண்டும் இருக்கும், தேடல் இன்னும் மோசமாகிவிடும்.

இதற்குப் பிறகும் விகுதிப் பிரச்சினை இருக்கும். ஸ்ஃபிங்க்ஸின் தேடல் மொழிகளில் தமிழ் இல்லாததால் அது வேர்ச்சொல்லைப் பிரிக்காது. இன்வாய்ஸ் என்று தேடினால் இன்வாய்ஸை, இன்வாய்ஸில் என்பவை வராமல் போகலாம். கடைசி எழுத்தின் புள்ளியை விட்டு, இன்வாய்ஸ என்று தட்டினால் பகுதிப் பொருத்தத்தில் மூன்றும் கிடைக்கும். தேடல் பெட்டிக்குக் கீழே இதை ஒரு வரிக் குறிப்பாக எழுதி வைத்தால் வாசகருக்கு உதவும். ரீட் த டாக்ஸ் தன் சர்வரில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் கொண்டு தனித் தேடல் ஒன்றும் தருகிறது, சாய்வுக்கோட்டு விசையை அழுத்தினால் திறக்கும். ஆனால் சில தீம்களின் பெட்டியில் தட்டுபவர்கள் வந்து சேர்வது ஸ்ஃபிங்க்ஸ் தேடலுக்குத்தான் என்பதால் அதைச் சரிசெய்யாமல் விடக்கூடாது.

பிடிஎஃப்

இணைப்பு மெதுவாக இருக்கும் இடத்தில், பள்ளியில், அச்சிட்டு வைத்துக்கொள்ள விரும்பும் கடையில் பிடிஎஃப் தேவைப்படுகிறது. யாமல் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் சேவையே உருவாக்கித் தரும். தமிழுக்கு அது அப்படியே நடக்காது. ஸ்ஃபிங்க்ஸ் தமிழுக்கும் பிடிஎஃப்லேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு இயந்திரத்தையே எடுத்துக்கொள்கிறது. அது முதல் தமிழ் எழுத்திலேயே இந்த யூனிகோட் எழுத்து எனக்குத் தெரியாது என்று நின்றுவிடும். கான்ஃப் கோப்பில் இயந்திரத்தை ஜீலேடெக் என்று மாற்றுங்கள்.

எழுத்துருவில் கவனம் தேவை. தமிழும் ஆங்கில எழுத்தும் இரண்டுமே உள்ள எழுத்துருவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவே வரும் கட்டளைப் பெயர்கள் வெற்றிடமாகிவிடும். முக்தா மலர் இரண்டையும் கொண்டது, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. எழுத்துருக் கோப்பையே களஞ்சியத்தில் வைத்து, லேடெக்கின் கூடுதல் கோப்புகள் பட்டியலில் சேர்த்துவிட்டால் பில்ட் இயந்திரத்தில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. எழுத்துருவை அறிவிக்கும் வரியில் எழுத்துமுறை தமிழ் என்று குறிப்பிடுவதை விட்டுவிடாதீர்கள். விட்டால் கொ, கோ, கை போன்ற எழுத்துகளில் கொம்பும் இணைக்கொம்பும் மெய்க்கு முன்னால் போகாமல் பின்னால் கிடக்கும். நிரல் பெட்டிக்குள் தமிழில் குறிப்பு எழுதியிருந்தால் அங்கே பயன்படும் ஒற்றை அகல எழுத்துருவுக்கும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

தேதி

பக்கத்தின் அடியில் கடைசியாகப் புதுப்பித்த நாள் என்று ஸ்ஃபிங்க்ஸ் காட்டுவது, அந்தப் பக்கம் கட்டப்பட்ட நாளை. யாரோ எங்கோ ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால் முழுக் கையேடும் மறுபடி கட்டப்படும். மூன்று ஆண்டுகளாக யாரும் தொடாத பக்கமும் இன்று புதுப்பித்ததாகச் சொல்லும். பழசை அடையாளம் காட்ட வேண்டிய தேதியே அதை மறைக்கிறது. கிட் வரலாற்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் தேதியையும் எடுக்கும் நீட்சிகள் உண்டு. அவற்றைப் போட்டாலும் முதலில் தேதி தப்பாகத்தான் வரும், ஏனென்றால் ரீட் த டாக்ஸ் வேகத்துக்காகக் கடைசி 50 கமிட்டுகளை (பதிந்த மாற்றங்களை) மட்டுமே இறக்குகிறது. களஞ்சியம் இறங்கியவுடன் முழு வரலாற்றையும் எடுக்கும் கட்டளையை யாமல் கோப்பில் சேருங்கள். தமிழ்த் திட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: நீட்சி பார்ப்பது ஆங்கில மூலக் கோப்பின் தேதியை. தமிழ் எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதைக் காட்ட, ஸ்ஃபிங்க்ஸ் 7.1இல் வந்த மொழிபெயர்ப்பு முன்னேற்றப் பதிலீட்டைப் பக்கத்தின் தலைப்பில் வையுங்கள். அது விழுக்காட்டில் சொல்லிவிடும்.

செத்த இணைப்புகள்

ஸ்ஃபிங்க்ஸின் லிங்க்செக் பில்டர் எல்லா வெளி இணைப்புகளையும் சோதிக்கும். இதைப் புல் ரிக்வெஸ்ட் சோதனையில் சேர்க்காதீர்கள். யாரோ ஒருவருடைய தளம் பத்து நிமிடம் படுத்தால் சம்பந்தமில்லாத திருத்தம் சிவப்பாகும். வாரம் ஒருமுறை தனியாக ஓட்டுவதே சரி. ரீட் த டாக்ஸில் நேரம் குறித்து ஓட்டும் வசதி இல்லாததால் கிட்ஹப் தளத்தின் தானியங்கி வேலைகளை ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற ஒன்று வேண்டும். அங்கே நேரம் இயல்பாக யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில். திங்கட்கிழமை காலை 9 மணிக்குக் கோலாலம்பூரில் முடிவு வேண்டுமென்றால் 1 மணி என்று எழுத வேண்டும். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் கிட்ஹப் இந்த நேரம் குறித்த வேலையை நிறுத்திவிடும். யாரும் கவனிக்காத கையேட்டில்தான் இந்தச் சோதனை அதிகம் தேவை, அங்கேதான் அது நின்றுபோகிறது. அதனால் மாதம் ஒருமுறை ஆக்ஷன்ஸ் பக்கத்தை ஒருவர் திறந்து பார்ப்பதைப் பொறுப்பாகவே ஒப்படைத்துவிட வேண்டும்.

லிங்க்செக் சிவப்பு காட்டுவதெல்லாம் செத்த இணைப்பு அல்ல. சில தளங்கள் வெளிநாட்டு சர்வரிலிருந்து வரும் தானியங்கிக் கோரிக்கையை 403 (அனுமதியில்லை) சொல்லித் திருப்பிவிடும். அவற்றை உள்ளூர்க் கணினியிலிருந்து ஒருமுறை திறந்து பார்த்து, புறக்கணிப்புப் பட்டியலில் சேர்க்கலாம். பக்கத்துக்குள் குறிப்பிட்ட இடத்தைச் சுட்டும் இணைப்புகளில், அந்த இடம் ஜாவாஸ்கிரிப்டால் பின்னர் உருவாகும் தளம் என்றால் பொய் எச்சரிக்கை வரும். கிட்ஹப் ரீட்மீ இணைப்புகள் இந்த ரகம்.

பதிப்பும் முகவரியும்

சேவை இரண்டு பதிப்புகளைத் தானே பார்த்துக்கொள்கிறது: முதன்மைக் கிளையைப் பின்தொடரும் லேட்டஸ்ட், அதிக எண் கொண்ட வெளியீட்டு டேகை (கிட்டில் வெளியீட்டுக்கு இடும் பெயரை) பின்தொடரும் ஸ்டேபிள். புதிய திட்டத்தில் வாசகர் முதலில் போய் விழுவது லேட்டஸ்டில். இன்னும் வெளியாகாத வசதியைப் படித்துவிட்டு, என் திரையில் அந்தப் பொத்தானைக் காணோமே என்று கேட்பார்கள். இயல்புப் பதிப்பை ஸ்டேபிளுக்கு மாற்றிவிடுங்கள். பழைய பதிப்புகளை அழிக்காமல் மறைத்து வையுங்கள். நேரடி இணைப்பு வேலை செய்யும், தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் அவை தடை செய்யப்படும். 2024 அக்டோபருக்குப் பின் கேனானிக்கல் முகவரியை (தேடுபொறிகள் முதன்மையாகக் கொள்ள வேண்டிய முகவரியை) கான்ஃப் கோப்பில் நாமே குறிப்பிட வேண்டும்; அதற்கான மதிப்பைச் சேவை சூழல் மாறியில் தருகிறது. இதை விட்டால் கூகுளில் இரண்டு வெளியீட்டுக்கு முந்தைய பக்கம் மேலே வந்து நிற்கும்.

பக்கத்தின் பெயரை மாற்றினால் வழிமாற்று போட வேண்டும். அது கிட்டில் இல்லை, கட்டுப்பாட்டுப் பக்கத்தில் கையால் இட வேண்டும். யார் எப்போது ஏன் போட்டார்கள் என்ற வரலாறு புல் ரிக்வெஸ்ட்டில் இருக்காது. இது எங்களுக்குப் பிடிக்காத இன்னொரு விஷயம்.

தமிழையே மூல மொழியாக வைத்து எழுதும் குழுக்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்த் தலைப்பிலிருந்து பக்க அடையாளம் உருவாக்கும்போது லத்தீன் அல்லாத எழுத்துகள் எல்லாம் நீக்கப்பட்டு, வெறும் வரிசை எண்தான் மிஞ்சும். நடுவில் ஒரு புதிய தலைப்பைச் செருகினால் கீழே உள்ள எண்கள் எல்லாம் நகர்ந்து, மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் தப்பான பகுதியில் போய் இறங்கும். ஒவ்வொரு தலைப்புக்கு மேலும் கையால் ஒரு பெயர்ச்சீட்டு எழுதுங்கள். தலைப்பின் கீழ்க்கோட்டையும் பார்வைக்குத் தேவையானதைவிட நீளமாகவே போடுங்கள். உயிர்மெய்க் குறிகளும் கணக்கில் வருவதால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் கோடு குட்டை என்று எச்சரிக்கை வரும்.

கடைசியாக, யார் பெயரில் இருக்கிறது என்பது. திட்டத்தைத் தொடங்கியவரின் தனிப்பட்ட கிட்ஹப் இணைப்பின் வழியே ஓடும் பழைய அமைப்பில், அவர் விலகியவுடன் புல் ரிக்வெஸ்ட்டில் பில்ட் நிலை வருவது நின்றுவிடும். கிட்ஹப் ஆப் முறைக்கு மாறி, இரண்டு மொழித் திட்டங்களிலும் குறைந்தது இரண்டு பேரைப் பராமரிப்பாளர்களாகச் சேர்த்துவிடுங்கள். சொந்த டொமைன் வைத்திருந்தால் அதை முதல் வெளியீட்டுக்கு முன்பே இணைப்பது நல்லது. கட்டுப்பாட்டுப் பக்கம் காட்டும் முகவரிக்கு ஒரு சிநேம் பதிவு (டொமைனை இன்னொரு முகவரிக்குச் சுட்டும் பதிவு) போட்டால் போதும், பாதுகாப்புச் சான்றிதழைச் சேவையே எடுத்துக்கொள்கிறது. இங்கிருந்து வெளியே வருவது வெறும் ஹெச்டிஎம்எல் என்பதால் பின்னாளில் வேறு இடத்துக்கு மாற நேர்ந்தாலும் அச்சிட்ட கையேடுகளிலும் கடைச் சுவர்களிலும் இருக்கும் க்யூஆர் குறிகளை மாற்ற வேண்டியிருக்காது. டொமைன் புதுப்பிக்கும் நினைவூட்டல் மின்னஞ்சல் ஒருவருக்கு மட்டும் போகாமல் குழுவின் பொது முகவரிக்குப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.